இரண்டு பவுன் ஈயம்

டவுன்ஹால் ரோட்டில் மாடிக் கடை.
கீழே கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்,
மேலே நாங்கள்: துப்பாக்கி, தோட்டா, ரிப்பேர்.
நான் சுட்டதில்லை. எழுதுகிறவன்.
பதினோரு வருஷமாக ஒவ்வொரு தோட்டாவும்
என் பேனா வழியாகத்தான் காட்டுக்குப் போகிறது.

புரட்டாசி வெயிலில், ஒரு புதன்கிழமை,
பெரியாம்பிள்ளை அம்பலம் படியேறி வந்தார்.
புது லைசென்ஸை மேசைக் கண்ணாடியில் விரித்தார்.
நோக்கம்: பயிர் பாதுகாப்பு.
"கடலைக் கொல்லையில கரடி.
அழகர்மலைக்குப் பின்னாடி.
எந்திரிச்சு நின்னா ஆள் ஒசரம்.
இருக்கிறதுலயே பெரிசாக் குடுப்பா."

பெரிசு என்று ஒரு தோட்டா இல்லை.
முதலில் தோட்டா, பிறகு அதற்கேற்ற துப்பாக்கி;
எங்கள் கடையில் பொருத்தம் பார்ப்பது அப்படித்தான்.

மூன்று பெட்டி திறந்தேன்.
கிரெயின் கணக்குச் சொன்னால் யாருக்கும் ஏறாது.
நகைக்கடை ஊர். பவுனில் சொன்னேன்.
"இது தர்ட்டி நாட் சிக்ஸ். குண்டு ஒன்றரைப் பவுன்.
வேகம். தூரம் போகும்.
இது த்ரீ ஒன் ஃபைவ். நம்ம சர்க்காரே செய்யுறது. ரெண்டு பவுன்.
இது ஃபோர் நாட் ஃபைவ். ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி.
கிட்ட நின்னு பேசும்."

அம்பலம் உள்ளங்கையில் வைத்து
குலுக்கிப் பார்த்தார், புளியங்கொட்டை மாதிரி.

"மூக்குல ஈயம் தெரியுதுல்ல? உள்ள போய் விரியும்.
முழுக்கச் செம்பு மூடுனது யானைக்கு;
இதுக்குப் போட்டா ஊடுருவி
அந்தப் பக்கம் போயிரும்.
உருவத்தை நம்பாதீங்க. கரடியில பாதி மயிரு."
எல்லாம் கேட்லாக்கில் படித்தது.
பார்த்ததுபோலச் சொல்ல எனக்கு வரும்.

வாசல் பக்கம் இன்னொருவர் நின்றிருந்தார்.
விறகுக்குப் போகிறவராம், பேர் சோணைமுத்து.
துண்டை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.
பேசுவதற்காக எடுத்தார்.
வாயின் வலது ஓரம்
காதுவரை போயிருந்தது.

"எத்தனை கெஜத்துக்குங்க இது?"

நூறு என்றேன்.

"அது அவ்வளவு தூரம் தராதுங்க.
ஈச்சம் புதரை வெலக்குனேன்.
இந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் நடுவுல இருந்துச்சு.
புத்துக்குள்ள மூஞ்சிய விட்டு
கரையான உறிஞ்சுற சத்தத்துல
நான் வந்தது அதுக்குக் கேக்கல.
நான் கத்துனேன். அதுவும் கத்துச்சு.
யாரு முந்தின்னு தெரியல."

மேலே மின்விசிறி சுற்றியது.

"சத்தம் மட்டும் போடுற தோட்டா இருக்குங்களா?"

அம்பலம் சிரித்துவிட்டார்.
நான் சிரிக்கவில்லை, அலமாரியைப் பார்த்தேன்.
பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்கு
ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தோம்.
கைத்துப்பாக்கியில் மட்டும் சேரும்.
காட்டுக்கென்று யாரும் கேட்டதில்லை.
இல்லை என்றேன்.

ஃபோர் நாட் ஃபைவ்தான் முடிவானது.
கொடைக்கானல் எஸ்டேட்காரர் விட்டுப்போன ரைஃபிள்
ஒன்று கிடந்தது, தூசி தட்டினோம்.
தோட்டா பத்து. நம்பர், தேதி, கையெழுத்து.
அம்பலம் பணம் எண்ணும்போது
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்:
எதிர்ப் பாத்திரக் கடையில் சோணைமுத்து
மாட்டு மணிகளை ஒவ்வொன்றாகக் காதோரம் ஆட்டி
வேண்டாம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில் அம்பலம் மட்டும் வந்தார்.
கணக்குக் காட்ட வேண்டும்.
காலி உறை இரண்டு, மிச்சம் எட்டு.

"ஒண்ணு பாறையில பட்டுச்சு" என்றார்.
இன்னொன்றைப் பற்றி நான் கேட்கவில்லை.
எழுதி முடித்து ரப்பர் முத்திரையை ஊதும்போது
அவராகவே ஆரம்பித்தார்.
"ராத்திரி பூரா மழை.
நனைஞ்சு கெடந்துச்சு.
மயிரெல்லாம் ஒட்டிப்போச்சா,
சின்னதாத்தான் இருந்துச்சு அது.
நம்ம வீட்டு நாயைவிடக் கொஞ்சம்..."

கையால் உயரம் காட்டப் போனவர்
பாதியில் இறக்கி
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

செலவு: இரண்டு. இருப்பு: எட்டு.
நோக்கம்: மேற்படி.